பட்டினியில் விளையும் பிளாஸ்டிக்

கர்நாடக அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது 2016 மார்ச்சில். பெங்களூருவில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்துக் கடைகளில் மெல்லிய பை இன்னும் ஒழிந்தபாடில்லை. அதே விலையில், மண்ணில் மட்கும் பை கிடைத்தால் எந்தக் கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அந்த விலையை எட்ட பாக்டீரியாவால் முடியுமா?

பி.எச்.பி. என்னும் மட்கும் பிளாஸ்டிக்கை பாசில்லஸ் மெகாடேரியம் பாக்டீரியாவில் 1920களில் கண்டறிந்தவர் பாஸ்டர் நிறுவனத்தின் மொரிஸ் லெமுவான். நம் பக்கத்தில் மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) இதில் ஆராய்ச்சி செய்திருக்கிறது. முறை எளிது: சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து, நைட்ரஜனையோ பாஸ்பேட்டையோ குறைத்துவிட வேண்டும். பெருக வழியற்ற செல், கிடைத்த கார்பனை நம் உடம்பு கொழுப்பைச் சேர்ப்பதுபோல் உள்ளே பி.எச்.பி.யாகச் சேர்த்து வைக்கிறது. சூடான் பிளாக் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் கரிய மணிகள் நெருக்கியடித்து நிற்பது தெரியும். மரபணுவைத் தொடாமல், ஊட்டச்சத்து உப்புகளின் அளவை மாற்றியே இதைச் சாதிக்கலாம் என்பது இம்முறையின் பெரிய பலம். கியூப்ரியாவிடஸ் நெகேட்டர் என்னும் பாக்டீரியா தன் உலர் எடையில் 80 சதவீதம்வரை பி.எச்.பி.யாக மாற்றிக்கொள்ளும்.

என் குறை அந்தச் சதவீதத்தின் மீதுதான். ஆய்வுகள் பலவும் அதைத் துரத்துகின்றன. லிட்டருக்கு 5 கிராம் செல்லில் 80 சதவீதம் என்றால் கிடைப்பது 4 கிராம். 50 கிராம் செல்லில் 60 சதவீதம் என்றால் 30 கிராம். பிரித்தெடுக்கும் செலவைக் குறைக்கச் சதவீதம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பட்டினியைச் சீக்கிரம் தொடங்கினால் செல் பெருகாது. முதலில் வளர்த்து, பிறகு பட்டினி போடும் இரண்டு கட்ட முறையே உருப்படியானது. அதிலும் பாசில்லஸ் என்றால் அறுவடை நேரம் தவறக் கூடாது. பட்டினி நீண்டால் அது வித்தாக (ஸ்போர்) மாறத் தொடங்கும், சேர்த்த பி.எச்.பி.யையும் தானே தின்றுவிடும்.

இன்னொரு சிக்கல் சர்க்கரை. ஒரு கிலோ பி.எச்.பி.க்குச் சுமார் மூன்று கிலோ சர்க்கரை போகிறது. சுத்தமான குளுக்கோஸில் கண்ட 'உகந்த அளவு' ஆலைக்குக் கட்டுபடியாகாது. மண்டியாவின் சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸ்தான் நடைமுறைக்கு உகந்தது. அதிலோ நைட்ரஜனும் தாது உப்புகளும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன, லோடுக்கு லோடு அளவும் மாறும். குடுவையில் கணக்கிட்ட பட்டினி அங்கே பலிக்காது. போதாததற்கு, நெகேட்டரின் இயற்கை ரகத்தால் மொலாசஸில் உள்ள சுக்ரோஸை உண்ண முடியாது. அதை முதலில் உடைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு சத்தாக மாற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தைவிட, பல சத்துகளைச் சேர்த்து மாற்றிப் பார்க்கும் புள்ளியியல் வடிவமைப்பு மேல். ஆனாலும் தவறான இலக்கை வைத்தால் அதுவும் தவறான விடையையே தரும். ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: சதவீதத்தோடு, ஒரு லிட்டரில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதுங்கள், வெவ்வேறு பருவத்து மொலாசஸிலும் சோதித்துவிட்டு 'உகந்தது' என்று சொல்லுங்கள்.