மதிப்புக்குரிய ஏழைகளுக்கு ஒரு மாளிகை

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில், 103ஆம் தெருவுக்கும் 104ஆம் தெருவுக்கும் இடையே ஒரு நீண்ட செங்கல் கட்டடம் இருக்கிறது. செங்குத்தான கூரையும் அதிலிருந்து துருத்தி நிற்கும் சாளரங்களும் அதற்கு ஒரு பிரபுவின் வீட்டுத் தோற்றத்தைத் தருகின்றன. 1881 முதல் 1883 வரை கட்டப்பட்ட இதை விக்டோரிய கோதிக் பாணி என்பார்கள். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் பாணியை 19ஆம் நூற்றாண்டு மீட்டெடுத்துக்கொண்ட வடிவம் அது. ஆனால் இது கட்டப்பட்டது கையில் காசில்லாத வயதான பெண்களுக்காக.

கட்டிய சங்கத்தின் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், ‘மதிப்புக்குரிய, முதிய, வறிய பெண்களின் துயர்துடைப்புச் சங்கம்’. 1812 போர்க்காலத்தில் வசதியான குடும்பத்துப் பெண்கள் தொடங்கியது. அந்தப் பெயரில் முதலில் வரும் சொல்லைக் கவனியுங்கள். முதுமையும் வறுமையும் கண்ணுக்குத் தெரியும். மதிப்பை யாராவது சான்றளிக்க வேண்டும். உதவி கேட்டு வருபவளின் கடந்தகாலம் அங்கே விசாரணைக்கு வந்துவிடுகிறது.

அந்த மதிப்பே அவளை ஏழையாக்கியிருக்கலாம் என்பதைச் சங்கத்தின் பெயர் சொல்வதில்லை. நியூயார்க்கில் திருமணமான பெண்ணின் பணம் 1848இல் சட்டம் மாறும்வரையும், அவளுடைய சம்பாத்தியம் 1860இல் சட்டம் மாறும்வரையும் கணவனுக்கே உரியவை. அவன் இறந்தால், அவனுடைய நிலபுலன்களில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே விதவைக்குக் கிடைத்தது. ‘நல்ல குடும்பத்துப் பெண்’ கூலி வேலைக்குப் போகக்கூடாது என்பது மரியாதையின் இலக்கணம். அந்த இலக்கணத்தின்படி வாழ்ந்தவள் முதுமையில் வெறுங்கையோடு நின்றாள். பிறகு அதே இலக்கணம் இல்லத்தின் நுழைவுச்சீட்டானது. வாழ்நாள் முழுவதும் அடுத்த வீட்டில் துணி துவைத்தவளிடம் அந்தச் சீட்டு இருந்திருக்குமா?

கட்டடத்தை வடிவமைத்தவர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட். சுதந்திர தேவி சிலையின் பீடமும் அவர் வடிவமைத்ததே. இந்த இல்லம் எழுந்த அதே ஆண்டுகளில், ஐந்தாம் அவென்யூவில் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டின் குடும்பத்துக்கும் பிரெஞ்சுப் பாணியில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் உயர்ந்த கூரை. அங்கே அது உரிமையாளரின் செல்வத்தைக் காட்டியது. இங்கே உள்ளே இருப்பவளுக்குச் செல்வம் இல்லை. கூரை காட்டியது கொடுத்தவர்களின் கருணையை. தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்க்கத்தான் அந்த அழகு. முழங்கால் வலியோடு படியேறும் மூதாட்டிக்கு அந்தக் கூரையின் உயரத்தால் என்ன பயன்?

இதனால் அந்த இல்லத்தை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. அரசு ஓய்வூதியம் இல்லாத காலத்தில், அநாதை விடுதிக்குப் போகாமல் கௌரவமாகக் கண்மூட அது இடம் தந்தது. பெண்களே பெண்களுக்காகத் திரட்டிய பணத்தில் எழுந்தது. நான் கேட்பது, அந்தக் கௌரவம் ஏன் சிலருக்கு மட்டும் என்பதைத்தான்.

1970களில் இல்லம் மூடப்பட்டது. 1983இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1990 முதல் அது பயணிகள் விடுதி. இன்று கட்டில் வாடகை கொடுப்பவரிடம் யாரும் ஒழுக்கச் சான்று கேட்பதில்லை. உதவி கேட்டு வரும் முதிய பெண்ணிடம் மட்டும் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை.