மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா
ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலணைக் காப்புக்காட்டில் வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 25 ஏக்கரில் வனத்துறை உருவாக்கிய இப்பூங்கா 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. விடுமுறை நாட்களில் திருச்சிக் குடும்பங்கள் பிள்ளைகளோடு விரும்பி வரும் இடம் இது.

பூங்காவின் உயிர்நாடி அதன் செடிகள். தேன் தரும் பூச்செடிகள் மட்டும் இருந்தால் பூச்சிகள் வந்து போகும். புழுக்களுக்கு உணவாகும் செடிகளும் இருந்தால்தான் தங்கிப் பெருகும். எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை, நாரத்தை இலைகளில் முட்டையிடும். வெந்தய வரியன் என்னும் இனத்துக்கு எருக்கு வேண்டும். ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று வளரும் சில இனங்கள், அதன் நஞ்சை உடலில் சேர்த்துப் பறவைகளிடமிருந்து தப்புகின்றன. எலுமிச்சை அழகியின் இளம்புழு பறவை எச்சம் போலவே தோன்றும். வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் நான்கு பருவங்களையும் பிள்ளைகள் ஏட்டில் படிப்பதோடு நில்லாமல், இலையைப் புரட்டி நேரில் காண்பது பெரும்பேறு.

வண்ணத்துப்பூச்சிகள் வெயிலில் உடலைச் சூடாக்கிக்கொண்ட பிறகே நன்றாகப் பறக்கும். ஆதலால் இளவெயில் ஏறிய முற்பகலே பார்வைக்கு ஏற்ற வேளை. வடகிழக்குப் பருவமழையால் செடிகள் தழைக்கும் மாதங்களில் அவற்றைக் கூடுதலாகக் காணலாம். இறக்கையைத் தொட்டால் செதில்கள் உதிரும். அருகில் நின்று பார்ப்பதே முறை.