சிந்து பைரவி: வினாவும் விடையும்

புகழ்பெற்ற கலைப்படைப்பு ஒன்றினைப் பல்லாண்டு கழித்து மீண்டும் நோக்குங்கால், அப்புகழ் எதன்பொருட்டு எழுந்தது, இன்று அது எதன்மேல் நிற்கின்றது என்னும் இரண்டனையும் பிரித்தறிதல் திறனாய்வாளர் கடனாகும். இரண்டும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. செய்யுளுக்கும் நாடகத்திற்கும் இவ்வாராய்ச்சியை நாம் மேற்கொள்கின்றோம். திரைப்படத்திற்கு மட்டும் முதல் நாள் எழுந்த புகழையே முடிந்த முடிபாகக் கொண்டு அமைந்துவிடுகின்றோம்.

கே. பாலசந்தர் இயக்கி 1985-இல் வெளிவந்த சிந்து பைரவி அத்தகைய புகழுடைய படம். அவ்வாண்டிற்குரிய தேசிய விருதுகளுள் சிறந்த நடிகைக்கான விருது சுகாசினிக்கும், இசையமைப்பிற்கான விருது இளையராஜாவிற்கும், பின்னணிப் பாடகிக்கான விருது சித்ராவிற்கும் இப்படத்தின் வழியாகக் கிடைத்தன. நடிப்பும் இசையும் பெற்ற இப்பாராட்டினை யாம் மறுக்க வரவில்லை. ஆயின் இப்படத்திற்கு மற்றொரு புகழும் உண்டு. தமிழிசைக்காக வாதாடிய படம் இஃது என்பதே அப்புகழ். தமிழிசை இயக்கம் பற்றி ஆராய வரும் முதுகலை மாணவர் சிலரும் இதனைச் சான்றாக எடுத்துக்காட்டக் காண்கின்றோம். அச்சான்று தாங்குமா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

சென்ற தைத்திங்களில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நாள்களில், நன்னிலத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் இப்படத்தை மீண்டும் கண்டோம். ஊர்ப்பெயரைக் குறித்தமைக்குக் காரணம் உண்டு. பாலசந்தர் 1930-இல் பிறந்த நல்லமாங்குடி நன்னிலத்தை அடுத்த ஊர். அண்மையிலுள்ள திருவாரூர், தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகிய மூவரும் பிறந்த மண். அவர்கள் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சுந்தரர் நன்னிலத்துப் பெருங்கோயிலைப் பஞ்சமப் பண்ணில் பாடிவிட்டார். அப்பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947-இல் அரங்கேறிய திருக்கொள்ளம்பூதூரும் இவ்வட்டாரத்ததே. எனவே இசைக்கு மொழி எது என்னும் வழக்கு இந்நிலத்தார்க்குப் புதியதன்று. படம் முடிந்தபின் நண்பரின் அன்னையார், எண்பது கடந்தவர், “அந்தப் பெண் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவே இல்லையே, தம்பி” என்றார். இக்கட்டுரை அவ்வம்மையார் சொல்லிலிருந்து முளைத்தது என்றால் தவறில்லை.

கதையை அறியாதார் இலர் எனினும் வேண்டும் அளவு கூறுவாம். ஜே.கே.பி. என்னும் பெரும்புகழ்ப் பாடகர்க்கு மனைவி பைரவி. அவள் அன்புடையவள், இசையறிவும் மகப்பேறும் வாய்க்கப் பெறாதவள். பள்ளியில் இசை கற்பிக்கும் சிந்து, பாடகரின் கச்சேரியில் எழுந்து, கேட்பார்க்கு விளங்கும் தமிழில் ஏன் பாடலாகாது என்று வினவுகின்றாள். இசைக்கு மொழி தடையன்று என்னும் நிலையினின்று பாடகர் அவளையே பாடுமாறு அறைகூவுகின்றார். அவள் மேடையேறிப் பாடுகின்றாள். அங்கு அரும்பிய நட்பு காதலாகின்றது. பாடகர் குடியில் வீழ்ந்து மீள்கின்றார். சிந்து தான் பெற்ற மகவைப் பைரவியிடம் ஒப்படைத்து நீங்குகின்றாள்.

மேடைக் காட்சியை நுணுகி நோக்குதல் வேண்டும். படத்தின் உயிர்நிலை அதுவே. சிந்து பாடும் ‘பாடறியேன்’ நாட்டுப்புற மெட்டில் தொடங்குகின்றது. வைரமுத்துவின் சொற்கள், பண்கள் ஏட்டில் ஏறுமுன்னரே உழைக்கும் பெண்டிர் நாவில் இருந்தன என்னும் கருத்தை முன்வைக்கின்றன. தமிழ்ப்பாட்டையும் பாடுமாறு வேண்டுகின்றன. பின்னர் அதே மெட்டு சுரங்களாக விரிந்து, தியாகராசரின் ‘மரி மரி நின்னே’ என்னும் தெலுங்குக் கீர்த்தனையாக நிறைவுறுகின்றது. அக்கீர்த்தனை காம்போதியில் பாடப்பெற்று வருவது. இளையராஜா அதனைச் சாரமதியில் அமைத்தார். மரபுவழி நிற்போர் இதனைக் குறை கூறினர். யாம் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. நாட்டுப்புறப் பாட்டிற்கும் செவ்விசைக் கீர்த்தனைக்கும் இடையே சுவர் இல்லை என்பதனைச் சொல்லால் அன்றிச் செவியாலேயே மெய்ப்பித்த அருஞ்செயல் அது. அவ்வளவில் இப்பாடலின் புகழ் சற்றும் குறையத் தக்கதன்று.

ஆயினும் எழுந்த வினா யாது? எம்மொழியில் பாடுவது என்பதே வினா. கிடைத்த விடை யாது? இருவகைப் பாட்டிற்கும் பண் ஒன்றே என்பது. வினா மொழிபற்றியது, விடை பண்பற்றியது. வினாவும் செப்பும் ஒன்றற்கொன்று வழுவாது அமைதல் வேண்டும் என்பதனைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வலியுறுத்துகின்றார். நன்னூலார் எண்வகை விடை கூறுவர். அவற்றுள் இனமொழி என்பதும் ஒன்று. இக்காட்சியும் இனமொழி விடையே எனச் சிலர் அமைதி கூறக்கூடும். இனமொழி விடையாவது, நேரே கூறாவிடினும் கேட்டான் வேண்டிய பொருளை அவனுக்கு உணர்த்துவதாதல் வேண்டும். ‘கடம்பூருக்கு வழி யாது’ என்பானுக்கு ‘இடம்பூருக்கு வழி இது’ என்றல் ஆகாது. இங்கோ பாட்டு முடியும் இடத்தில் அவையோர் கைதட்டுவது தமிழுக்காக அன்று. அறியாப்பெண் எனக் கருதப்பட்டவள் கீர்த்தனையைப் பாடிக்காட்டினாளே என்பதற்காகவே தட்டுகின்றனர். பாடகர் வியப்பதும் அதனையே.

இன்னும் ஒன்று. அவையில் தமிழ் எவ்வுருவில் தோன்றுகின்றது என்பதனை நோக்குவாராக. கல்லாதாள் ஒருத்தியின் மொழியாக, தன்னையே தாழ்த்திக்கொண்டு தோன்றுகின்றது. கலைநிறைவு எய்துமிடத்தில் அது தெலுங்காகிவிடுகின்றது. இத்தாழ்வுரையை அவையடக்கம் எனலாம். தமிழ்க் காப்பியப் புலவர்க்கெல்லாம் அது மரபே. ஆயின் அவையடக்கம் கூறிய புலவர் அதன்பின் தம் காப்பியத்தை அத்தமிழிலேயே பாடி முடித்தனர். அடக்கத்தை ஒரு மொழியிலும் ஆற்றலை வேறொரு மொழியிலும் காட்டினாரல்லர். மேலும் பாட்டின் வேண்டுகோள் ‘தமிழையும்’ பாடுக என்னும் அளவிலேயே நிற்கின்றது. அவ்வும்மை எச்சவும்மை. தமிழ் நாட்டில் தமிழ்பேசும் அவையின்முன் தமிழுக்கு அவ்வும்மை அளவே இடம் கேட்கப்படுகின்றது.

இவ்விடத்து வரலாற்றை நினைவூட்டுதல் வேண்டும். தமிழில் பாடத்தக்க உருப்படிகள் உளவோ என்னும் ஐயம் படம் வெளிவருமுன்பே தீர்ந்துபோன ஒன்று. சீர்காழி முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருட்டிண பாரதியார் ஆகியோர் காவிரிநாட்டினரே. தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் 1890-இல் பிறந்த பாபநாசம் சிவன் நம் காலம் வரை வாழ்ந்தவர். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தை 1917-இல் வெளியிட்டார். அண்ணாமலை அரசர் முயற்சியால் 1941-இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. பாலசந்தர் அவ்வண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே பயின்று 1949-இல் பட்டம் பெற்றவர். இத்துணையும் இருக்க, வாதம் நிகழும் அம்மேடையில் சிந்துவின் வாயினின்று தேவாரமோ நந்தனார் கீர்த்தனையோ எழவில்லை. நாடக அமைதி நோக்கின் நாட்டுப்புறப் பாட்டே பொருத்தம் என்பதனை ஒப்புகின்றோம். பயின்ற கீர்த்தனையைப் பாடியிருப்பின் வியப்புக்கு இடமில்லை. ஆனால் நாடகத்திற்குப் பொருத்தமானது வழக்கிற்கும் போதிய சான்றாகிவிடாது. தமிழிசை வழக்கு தமிழ் எளியது என்னும் வழக்கன்று. தமிழ் செவ்விசைக்கு முழுதும் உரியது என்னும் வழக்கு. படம் முன்னதை அழகுறச் சொல்லிற்று, பின்னதைச் சொல்லவில்லை.

பிற்பகுதியில் பாடகர் தமிழிலும் பாடுகின்றார். பாரதியார் பாடலும் இடம்பெறுகின்றது. உண்மை. ஆயின் அம்மாற்றம் கருத்தால் விளைந்ததன்று. காதலின் அடையாளமாகவே வருகின்றது. அதன்பின் மொழிவினா படத்தினின்று மறைந்துவிடுகின்றது.

இனிப் பெயரைப்பற்றி ஒரு சொல். சிந்துபைரவி ஓர் இராகத்தின் பெயர். சிந்து என்பதோ காவடிச்சிந்து, நொண்டிச்சிந்து எனப் பெருகிய தமிழ்ப் பாவினமும் ஆகும். பெற்றோர் பெயர் சொல்லவியலாப் பிறப்பினளான சிந்து, தன் பெயரையே தன் கதையாகப் பாடும் இடம் ஒன்றுண்டு. பாடலாசிரியர் இச்சொல்லின் ஈருரிமையையும் உணர்ந்தே கையாண்டார் என்பது எம் துணிபு. மேடைக்காட்சியினும் இப்பாடலில் தமிழுக்குக் கிடைத்த இடம் பெரிது என்போம்.

இதுவரை குறையே பெரிதும் கூறினோம். படத்தின் புகழ் எங்கு நிலைபெறத் தக்கது என்பதனைக் கூறாவிடின் நடுவுநிலை ஆகாது. பாலசந்தர் மருதநிலத்தார், எடுத்துக்கொண்ட பொருளும் மருதத்திணைப் பொருளே. கணவன் பிறளொருத்திபால் செல்லுதல், மனைவி ஊடுதல், மகவு இடைநிற்றல் என்னும் மூன்றும் சங்கச் சான்றோர் நுணுகிப் பாடியவை. சாகலாசனார் பாடிய அகநானூற்றுப் பதினாறாம் பாட்டில், தெருவில் விளையாடும் தலைவன் மகனைப் பரத்தை ஒருத்தி வாரி அணைக்கின்றாள். அதனைக் கண்ட தலைவி, நாணி நின்ற அவளை வெறாது, அவளும் அம்மகனுக்குத் தாயே என்கின்றாள். அன்பும் எள்ளலும் பிரித்தற்கரியவாய்க் கலந்த சொல் அது. இப்படம் அந்நிலையைத் தலைகீழாக்குகின்றது. மகவைப் பெற்றவள் மற்றவள். அதனை ஏற்பவள் மனைவி. இயக்குநர் அப்பாட்டை அறிந்து செய்தார் என்று யாம் கூறவில்லை. ஒரே நிலத்தில் ஒரே சிக்கல் இருவேறு முடிச்சுகளாக விழுந்துள்ளது என்பதே எம் கருத்து.

இந்நோக்கில் காணின் படத்தின் சிறந்த படைப்புச் சிந்து அல்லள், பைரவியே. சுலட்சணா ஏற்ற இப்பாத்திரத்தை விருதும் விமரிசனமும் ஏறக்குறைய மறந்தன. சிந்து அறிவுடையவள், துணிந்தவள், ஈபவள். எல்லா நலனும் அவளுக்கே தரப்பட்டமையால் அவள் ஒரு கொள்கையின் வடிவாகச் சுருங்கிவிடுகின்றாள். பைரவிக்கோ இசை தெரியாது என்பதே குற்றம். கணவன் வாழும் உலகத்தின் மொழியை அறியாமல் அதன் வாயிலில் நிற்பவள் அவள். சிந்து எழுப்பிய மொழிவினா உண்மையில் யாரைச் சுடுகின்றது? விளங்கா மொழியில் பாடும் ஒருவரோடு இல்லறம் நடத்தும் பைரவியைத்தான். இவ்விரண்டினையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்புப் படத்தின் கையிலேயே இருந்தது. முதல் முறை கண்டபோது எமக்கும் அது புலப்படவில்லை.

அதனைக் கைவிட்டு, ஈகம் என்னும் பழைய வழிக்கே கதை திரும்புகின்றது. அவள் ஒரு தொடர்கதையின் (1974) கவிதா தனக்கு நிகழவேண்டிய மணத்தைத் தங்கைக்கு ஈந்து மீண்டும் அலுவலகம் செல்கின்றாள். அதற்கு முந்திய அரங்கேற்றத்தின் (1973) லலிதா குடும்பத்திற்காகத் தன்னையே இழக்கின்றாள். பெண்ணுக்குப் பேசும் உரிமை தந்து, பின்னர் அவளிடமிருந்தே எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளுதல் இவ்வியக்குநர் படங்களில் மீண்டும் மீண்டும் வருவது. குடித்தமைக்காக மிருதங்கக்காரரை முதலில் விலக்கிய பாடகர், பின்னர்த் தாமே குடிக்காகப் பாடும் இழிவை எய்துவது கதையமைப்பில் வலிமையான முரண். ஆயினும் அவர் இழந்தது சிலகாலப் புகழ். மீட்சியும் அவருக்கு உண்டு. சிந்து இழந்தது மகவு.

எனவே முதுகலை மாணவர் இப்படத்தை இசையமைப்பின் வரலாற்றில் காட்டுக. மருதத்திணை இக்காலத்து எவ்வாறு உருமாறிற்று என்னும் ஆய்விலும் காட்டுக. தமிழிசை வழக்கிற்குச் சான்றாகக் காட்டுவோர், சிந்துவின் வினாவை மட்டும் காட்டி நிறுத்துவாராக. அவள் நீங்கியபின் பாடகர் எம்மொழியில் பாடினார் என்பதனைப் படம் கூறவில்லை. அவையில் எழுந்து மீண்டும் கேட்டிருக்கக் கூடியவளும் அங்கு இல்லை.