பாத் எத்தனை லிட்டர்? திருமறையின் முகத்தலளவைகளும் நம் அடிக்குறிப்புகளும்

சாலொமோன் வார்ப்பித்த வெண்கலக் கடல் இரண்டாயிரம் பாத் கொள்ளும் என்கிறது இராஜாக்களின் நூல் (1 இராஜா. 7:26). நாளாகம ஆசிரியரோ மூவாயிரம் என்கிறார் (2 நாளா. 4:5). என்.ஐ.வி. என்னும் ஆங்கிலத் திருப்புதலின் அடிக்குறிப்புகள் இவற்றை முறையே ஏறத்தாழ 44,000 லிட்டர், 66,000 லிட்டர் என்று மாற்றித் தருகின்றன. பாத் ஒன்றுக்கு 22 லிட்டர் என்பது இதன் கணக்கு. அடிக்குறிப்பில் இருக்கும் 'ஏறத்தாழ' என்ற சொல் பிரசங்க பீடம் ஏறுமுன் உதிர்ந்துபோகிறது. மோசேயின் காலத்து ஹின் 3.67 லிட்டர் என்று ஓர் அருளுரையில் நானே கேட்டிருக்கிறேன். அந்தத் தசம இலக்கங்கள் எங்கிருந்து வந்தன?

அளவைகளின் ஒன்றுக்கொன்றான விகிதம் நமக்கு நன்கு தெரியும். எப்பாவும் பாத்தும் ஒரே கொள்ளளவுடையவை, ஒவ்வொன்றும் ஹோமரில் பத்திலொன்று என்று எசேக்கியேல் விதிக்கிறார் (45:11). பாத்துக்கு ஆறு ஹின், ஹின்னுக்குப் பன்னிரண்டு லோக் என்பது யூத மரபு. ஆகவே பாத் ஒன்றுக்கு எழுபத்திரண்டு லோக். இந்த ஏணியின் படிகள் உறுதியானவை. ஏணி எந்தத் தரையில் ஊன்றியிருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

22 லிட்டர் என்ற எண் டபிள்யூ. எஃப். ஆல்பிரைட் கணித்தது. தெல் பெய்த் மிர்சிமிலும் லாகீசிலும் 'பாத்' என்று எழுதப்பட்ட சாடித் துண்டுகள் கிடைத்தன. துண்டுகளிலிருந்து முழுச் சாடியின் அளவை ஊகித்துப் பெற்றதே இந்த எண். அரச முத்திரை பொறித்த முழுச் சாடிகளும் பின்னர் லாகீசில் ஒட்டிச் சேர்க்கப்பட்டு அளக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 40 லிட்டர் முதல் 52 லிட்டர் வரை வேறுபட்டன. ஒரே அரசன், ஒரே ஊர், ஒரே வகைச் சாடி. ஆயினும் பன்னிரண்டு லிட்டர் வேறுபாடு! குயவன் சாடி செய்தான், அளவுகோல் செய்யவில்லை என்றே இதிலிருந்து கொள்ள வேண்டும்.

யோசிபஸ் கூறுவது வேறு. பாத்துக்கு எழுபத்திரண்டு செஸ்தே என்பது அவர் கணக்கு. இது ஏறத்தாழ 39 லிட்டர். பலரும் இதை நேரில் கண்டவரின் சாட்சியாக மதிக்கின்றனர். ஆனால் எழுபத்திரண்டு என்ற எண்ணையே கவனியுங்கள். பாத்தில் லோக் எழுபத்திரண்டு. கிரேக்க மெத்ரேத்தேயிலும் செஸ்தே எழுபத்திரண்டு. விகிதம் ஒத்திருக்கக் கண்டு, தம் வாசகர் அறிந்த பாத்திரத்தின் பெயரை அவர் சூட்டியிருக்கலாம். அப்படியாயின் அவர் அளந்து பார்த்தவரல்லர், மொழிபெயர்த்தவர். ரபீக்களோ லோக்கை ஆறு முட்டையின் கொள்ளளவு என்றனர். இருபதாம் நூற்றாண்டில் ஹாயிம் நாஏ முட்டைக்கு 57.6 மில்லிலிட்டர் கொண்டார். ஹசோன் ஈஷ் ஏறத்தாழ 100 கொண்டார். முன்னவர் வழியில் பாத் 24.9 லிட்டர், பின்னவர் வழியில் 43. முற்காலத்துக் கோழி பெரிய முட்டையிட்டதா என்பது அங்கே மெய்யாகவே ஒரு சட்டப் பிரச்சினை!

இனி வெண்கலக் கடலுக்கு வருவோம். வாயகலம் பத்து முழம், உயரம் ஐந்து முழம். சீலோவாம் கல்வெட்டு அங்குள்ள சுரங்கத்தின் நீளத்தை 1,200 முழம் என்கிறது. இன்று அது அளவில் 533 மீட்டர். ஆகவே முழம் 44.4 சென்டிமீட்டர். கடல் அரைக்கோள வடிவமாயின் 23,000 லிட்டர் கொள்ளும். நேர் உருளையாயினும் 34,400க்கு மேல் கொள்ளாது. விளிம்பின் கனத்தைக் கழித்தால் இன்னும் குறையும். அதே பக்கத்தில் அச்சிட்ட 44,000 எங்கே அடங்கும்? எசேக்கியேல் சொல்லும் நெடுமுழத்தைக் கொண்டால் 44,000 அடங்கலாம். 66,000 அதிலும் அடங்காது. இரு நூல்களையும் இசைவிக்க முயன்ற தல்மூது, மூவாயிரம் என்பது குவித்தளந்த உலர் அளவை என்றது. அந்த விளக்கத்தை ஏற்கலாம், மறுக்கலாம். லிட்டரில் மாற்றிய எண்ணை வைத்துக்கொண்டு அதை எடைபோட முடியாது.

நம் தமிழ்த் திருப்புதலும் இக்குறைக்கு விலக்கன்று. 1871ஆம் ஆண்டுத் திருப்புதலில் ஹோமர் கலமாகவும், எப்பா மரக்காலாகவும், ஹின் படியாகவும், லோக் ஆழாக்காகவும் வருகின்றன. கேட்டவுடன் விளங்கும் சொற்கள். ஆனால் விகிதம் சிதைந்தது. தமிழ் வாய்பாட்டில் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், மரக்காலுக்கு எட்டுப் படி, படிக்கு எட்டு ஆழாக்கு. எபிரேயத்தில் இவை பத்து, ஆறு, பன்னிரண்டு. கலம் பத்து மரக்கால் என்று எசேக்கியேல் தமிழில் விதிக்கும்போது, நெல் அளந்து பழகிய விவசாயி இரண்டு மரக்கால் எங்கே போயிற்று என்று கேட்டிருப்பான். அதுவும் கள்ள அளவைக் கடியும் அதிகாரத்திலேயே! 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மெட்ரிக் அளவை வந்து படியும் மரக்காலும் சந்தையை விட்டு நீங்கிய இந்நாளில், இளைய வாசகர் லிட்டர் கேட்பது நியாயமே. ஆனால் ஒரு குறையை நீக்க அதனினும் பெரிய குறையைச் சேர்க்கலாகாது.

எண்ணாகமம் 15இல் ஆட்டுக்குட்டிக்குக் கால் ஹின், ஆட்டுக்கடாவுக்கு மூன்றிலொன்று, காளைக்கு அரை ஹின். இதை 0.9, 1.2, 1.8 லிட்டர் என்றெழுதினால் பலியின் படிநிலை மறைந்து கடைச்சரக்குப் பட்டியலே மிஞ்சும். லேவியராகமம் 14இல் இழப்பு இன்னும் பெரிது. குஷ்டம் நீங்கியவன் மூன்று ஆடுகளும், எப்பாவில் பத்தில் மூன்று பங்கு மாவும், ஒரு லோக் எண்ணெயும் கொண்டுவர வேண்டும். ஏழையானால் ஓர் ஆட்டுக்குட்டியும், பத்தில் ஒரு பங்கு மாவும், மீதி இரண்டுக்கு ஈடாகப் புறாக்களும் போதும். எண்ணெயோ அதே ஒரு லோக். அவன் காதிலும் கைப்பெருவிரலிலும் காற்பெருவிரலிலும் பூசி, மீந்ததைத் தலையில் வார்ப்பதற்குரிய எண்ணெய் அது; ஏழைக்கென்று அதைக் குறைக்கச் சட்டம் இடந்தரவில்லை. இவ்விடத்துக்கு அடிக்குறிப்பு எழுதுவோர் 'லோக்: ஹின்னில் பன்னிரண்டில் ஒரு பங்கு, கால் லிட்டருக்கும் அரை லிட்டருக்கும் இடைப்பட்டது' என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.