தறி ஊரில் துணி எடுப்பது

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்கள் பலவும், ஆந்திர எல்லையைத் தாண்டினால் வரும் நகரியும் ஏகாம்பரகுப்பமும் நெசவை நம்பி வளர்ந்தவை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு இந்தத் தறிகளுக்கு நடுவேதான் விழுந்தது. நூலும் ஆட்களும் இரண்டு பக்கமும் போய்வருவது அதனால் நின்றுவிடவில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் இந்த வீடுகளில் பெரியவர்கள் பலர் சின்ன வயதில் தார் சுற்றியவர்கள், பாவு பிணைத்தவர்கள். ஒரு துணியை இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்தே நூல் எப்படிப்பட்டது, நெசவு நெருக்கமா தளர்வா என்று சொல்லிவிடுவார்கள்.

அதே வீடுகளிலிருந்து தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கக் கிளம்பும்போது இந்த அறிவு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. திருத்தணி போய், அங்கிருந்து ரயிலேறி, சென்னையில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் இறங்கினால் கண் முதலில் தேடுவது தள்ளுபடி விழுக்காட்டை. வீட்டிலிருந்தபடியே செல்போனில் வாங்குகிறவர்கள் தேடுவது ‘இப்போது எது ஓடுகிறது’ என்பதை. துணியை விரல் தொடுவதே இல்லை. துணி எடுக்கும் இந்த வழக்கத்தில் நல்லது எது, கெட்டது எது என்று நிறுத்துப் பார்க்க ஒரு நெசவூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் ஃபேஷனுக்காக வாதாட வேண்டும். அதைப் பழிப்பது நம்மிடையே மிகச் சுலபமான வேலையாகிவிட்டது. புதுப் பாணியைப் பின்பற்றுவது வெறும் ஆசை என்பவர்கள் தோள்சீலைப் போராட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகத் தலைமுறைக் கணக்கில் அடிபட்டார்கள். 1859-இல் அரசு இறங்கிவந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தே அனுமதி தந்தது. தன்னைவிட மேலே இருப்பதாகச் சொல்லிக்கொள்பவரைப் பார்த்து அதேபோல உடுத்துவதைத்தான் அந்த அரசு அஞ்சியது. இன்று ஒரு தறிக்கூலியின் மகளும் மாவட்ட அதிகாரியின் மகளும் ஒரே மாதிரி குர்த்தி போட்டுக்கொண்டு ஒரே பேருந்தில் போகிறார்கள் என்றால், பாணியைப் பார்த்துச் செய்யும் உரிமை அவ்வளவு போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. அதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வசதியும் ஃபேஷன் வழியாகத்தான் வந்தது. 1980-களில் நடிகை நதியாவின் கம்மலும் கொண்டையும் பரவியதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறோம். ஆனால் அந்தக் காலத்தை ஒட்டித்தான் சிற்றூர்களில் தாவணி மெல்லப் பின்வாங்கிச் சுடிதார் வந்தது. சைக்கிள் மிதிக்கவும் பேருந்துப் படியேறவும் அது தந்த சுதந்திரத்தை அந்தத் தலைமுறைப் பெண்களிடம் கேட்டால் தெரியும். நைட்டியும் அப்படித்தான். சமையல், குழந்தை, தறி மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நாள் முழுக்கச் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருக்க நேரம் ஏது? பழையதும் ஃபேஷனின் தயவில் திரும்பிவரும். 2014-இல் சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தது. அதே ஆண்டு சட்டமன்றம் இத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. அதன் பிறகு கல்லூரி விழாக்களில் இளைஞர்கள் விரும்பி வேட்டி கட்டத் தொடங்கியதில், அதை நெய்யும் ஊர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே பாணியைப் பின்பற்றுவதில் எனக்குக் குறை இல்லை. பாணியை மட்டும் பார்த்துவிட்டுத் துணியைப் பார்க்காமல் வாங்குவதில்தான் குறை.

இந்த ஊரின் வெயிலை எடுத்துக்கொள்வோம். கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பம் பதிவான இடங்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம். அந்த வெயிலில் உடம்பை ஒட்டிய பாலியஸ்டர் சட்டையும் லெக்கிங்ஸும் போட்டால் வியர்வை துணியில் ஊறாது, உடம்பிலேயே நிற்கும். அரிப்பும் வேர்க்குருவும் வரும். பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விடும். நெசவாளி வீட்டில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் கடையில் பருத்திபோலத் தோற்றம் தரும் பாலியஸ்டர் கலப்புத் துணியே அதிகம் போகிறது. மலிவு, சீக்கிரம் காய்கிறது, இஸ்திரி வேண்டாம். இந்த மூன்றும் நியாயமான காரணங்கள். மழைக்காலத்தில் ஓர் அறை வீட்டில் நாலு பேர் துணியைக் காயவைக்க வேண்டியவர் பாலியஸ்டரை எடுப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. பாலியஸ்டரைப் பருத்தி என்று நம்பிப் பருத்தியின் விலை கொடுப்பதுதான் ஏமாற்றம்.

இந்தக் கலப்பு பெருகியதற்குக் கடைக்காரரின் பேராசை மட்டும் காரணமில்லை. 2022 மே மாதம் பருத்தி ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை அப்படி ஏறும்போது சேலை விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியாது. வாங்குபவர் நகர்ந்துவிடுவார். ஊடையில் செயற்கை நூலைச் சேர்த்தால் கணக்கு நேராகும். அந்தச் சேலை ‘காட்டன்’ என்ற பெயரிலேயே கடைக்கு வந்தால் வாங்குபவருக்கு என்ன தெரியும்? துணியில் என்ன இழை இருக்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்று 1988-இல் வந்த ஜவுளி நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. தெருக்கடையிலும் தவணை வியாபாரியின் மூட்டையிலும் அந்தக் குறிப்பைத் தேடினால் கிடைப்பது அரிது.

குறிப்பு இல்லாத இடத்தில் பழைய சோதனைகள்தான் கை கொடுக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தால் பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகச் சுருளும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் தரும். ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரில் வரும் சேலைகள் எல்லாம் பட்டு அல்ல, பல செயற்கை இழைதான். பட்டு என்றால் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரையும், கைத்தறி என்றால் 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அந்த வகைகளை விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்றால் இரண்டு பேருக்கு நட்டம்: விலை கொடுத்தவருக்கும், எங்கோ குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும். விசைத்தறிப் பருத்தி தன் பெயரிலேயே, தன் விலையிலேயே விற்றால் அதில் தாழ்வு ஒன்றுமில்லை. ஆர்.கே.பேட்டைக்குச் சோறு போடுவது அதுதான்.

சாயம் நிற்குமா என்பதற்கு ஒரு வெள்ளைத் துணியை நனைத்து மூலையில் அழுத்தித் தேய்த்தால் போதும். ஆனால் சாயம் போவதே ஒரு காலத்தில் ஃபேஷனாக விற்றதும் உண்டு. 1958-இல் அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை வாங்கிச் சட்டையாக்கி விற்றபோது, துவைத்தவர்கள் நிறம் கரைகிறது என்று புகார் செய்தார்கள். விளம்பரக்காரர்கள் யோசித்து, ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் கலந்து புதுத் தோற்றம் தரும் துணி என்று அதைக் கொண்டாட, அது பெரிய மோகமாயிற்று. நம்மூர்த் துணிக்குப் பெயர் கிடைத்த கதை என்று பெருமையோடு சொல்வார்கள். எனக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் தெரிகிறது. துணியின் குறையைச் சரிசெய்யாமலே, சொல்லும் விதத்தை மாற்றி அதைப் பாணி என்று விற்க முடியும். கிழிந்த ஜீன்ஸ், வெளுத்த டீ-ஷர்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இனி ஆடி. ஆடிக்கிருத்திகைக்கு மஞ்சளும் காவியும் கட்டிப் புஷ்பக் காவடியோடு திருத்தணி மலையேறும் கூட்டம் ஒரு பக்கம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் இன்னொரு பக்கம். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம், தேங்கிய சரக்கைத் தள்ளியாக வேண்டும். இந்த ஏற்பாட்டில் உண்மையான நன்மை இருக்கிறது. பொறுமையாகத் தேடுபவருக்கு நல்ல சேலை குறைந்த விலையில் கிடைக்கத்தான் செய்கிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் தரும் தள்ளுபடியைப் போல, வழக்கமான விலை இன்னது என்று எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் நம்பி வாங்கலாம். பழைய விலை எது என்றே தெரியாத இடத்தில் ஐம்பது விழுக்காடு என்ற எண்ணுக்குப் பொருள் கிடையாது.

தள்ளுபடியில் தேங்கும் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் ஃபேஷனின் வேகம் நெசவாளியை எங்கே அடிக்கிறது என்பது விளங்கும். ஒரு நிறமோ கரையோ செல்போனில் பரவினால் வியாபாரிகள் எல்லாரும் அதையே கேட்பார்கள். ஜக்கார்டில் டிசைனை மாற்றுவதற்கு அட்டை அடிக்க வேண்டும், பாவு மாற்ற வேண்டும். அதற்குச் செலவும் உண்டு, தறி நிற்கும் நாட்களும் உண்டு. எல்லாத் தறியும் மாறி முடிக்கும்போது மோகம் வேறு நிறத்துக்குப் போயிருக்கும். மிஞ்சிய சேலையை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த கூலிப் பேச்சில் ‘மார்க்கெட் சரியில்லை’ என்பார்கள். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திய நாட்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசமாக அரசு தருகிறது. ஆனால் விற்காத டிசைனின் நட்டத்தை அந்தச் சலுகை எவ்வளவு தாங்கும்? மெதுவாக மாறும் பாணி நெசவாளிக்கு வாழ்வு. வாரத்துக்கு வாரம் மாறும் பாணி அவரை வெறும் கூலியாக்கிவிடும்.

‘கொஞ்சமாக வாங்கு, நல்லதாக வாங்கு’ என்ற அறிவுரை பத்திரிகைகளில் இப்போது அதிகம். 400 ரூபாய்ச் சேலை பத்துத் துவைப்பில் நைந்துபோனால் ஓர் உடுத்தலுக்கு 40 ரூபாய். 1,200 ரூபாய்ப் பருத்திச் சேலை அறுபது முறை வந்தால் 20 ரூபாய். கணக்கு சரிதான். ஆனால் இந்த அறிவுரையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1,200 ரூபாயை ஒரே நாளில் எடுத்துவைக்க முடிந்தவருக்குத்தான் இந்த லாபம். வாரக்கூலி வாங்குபவர் கையில் அந்தத் தொகை சேர்வதில்லை. அதனால் அவர் தவணைக்காரரிடம் போகிறார். தவணைக்காரர் சொல்லும் விலையில் வட்டியும் அடக்கம், துணியின் தரத்தைப் பற்றிக் கேட்க வாங்குபவருக்கு வாயும் எழுவதில்லை. ஏழை மலிவுத் துணியை விரும்பி வாங்குகிறார் என்பது தவறான முடிவு. அவர் அதிக விலை கொடுத்து மலிவுத் துணியை வாங்குகிறார். தீபாவளிச் சீட்டு கட்டும் பெண்கள் இதில் ஓரளவு தப்பிக்கிறார்கள். அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும்போது ஒரே கடையின் கூப்பனாக வராமல் ரொக்கமாக வந்தால்தான், எந்தக் கடையில் எந்தத் துணி என்று தேர்ந்தெடுக்கும் பலம் அவர்களுக்கு இருக்கும்.

எனக்குச் சரியென்று படுவது, பாணியைத் தையலில் வைத்துக்கொள்வது, தரத்தைத் துணியில் வைத்துக்கொள்வது. கழுத்து, கை, நீளம் இவைதான் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. நல்ல பருத்தியை மீட்டர் கணக்கில் எடுத்து உள்ளூர் டெய்லரிடம் கொடுத்தால் இந்த ஆண்டு மாடலில் தைத்துத் தருவார். இரண்டு வருடம் கழித்துக் கையைக் குறைத்துக் கழுத்தை மாற்றலாம், தையலில் மடித்துவிட்ட துணி இருந்தால் உடம்பு பெருத்தாலும் பிரித்துவிடலாம். ஆயத்த ஆடையில் இதற்கு இடமில்லை. ஒட்டத் தைத்து ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18. விலை கூடிய உடையை வாங்க நினைப்பவர் துணியாக எடுத்துத் தைப்பது லாபம்.

இதற்கும் மறுபக்கம் உண்டு. டெய்லர் சொன்ன தேதியில் கொடுப்பதில்லை, அளவு பிசகினால் பொறுப்பேற்பதில்லை, தீபாவளிக்கு முந்தின இரவு அவர் கடை வாசலில் குழந்தைகளோடு காத்திருந்த குடும்பங்கள்தான் ஆயத்த ஆடைக்கு மாறின. தையல் கூலி துணி விலைக்கு நிகராக ஏறிவிட்டது என்ற வருத்தமும் நியாயமானது. இருந்தாலும் இந்த ஊர்ப் பெண்கள் பலருக்குத் தையல் தெரியும், வீட்டில் மெஷினும் இருக்கிறது. பிளவுஸ் தைப்பதோடு நின்றுபோன அந்த வேலை குர்த்திக்கும் சட்டைக்கும் நீண்டால் தறிக்கும் மெஷினுக்கும் நடுவே உள்ள தூரம் குறையும்.

அந்தத் தூரம்தான் என்னை உறுத்துகிறது. ஆர்.கே.பேட்டையில் நெய்த துணி வியாபாரி கை மாறி, வெளியூரில் பெயர் ஒட்டப்பட்டு, தியாகராய நகர் மாடிக்கடையில் அடுக்கப்பட்டு, ரயில் செலவோடு ஆர்.கே.பேட்டைக்கே திரும்பி வரவும் வாய்ப்பிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் பெயரையும் படத்தையும் இணைத்துக் கொடுத்தது. விசைத்தறிக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. படம்கூட வேண்டாம். எந்த ஊரில் நெய்தது, பாவு என்ன நூல், ஊடை என்ன நூல் என்ற மூன்று வரிகளைக் கூட்டுறவுச் சங்கங்களும் நெசவு முதலாளிகளும் சேர்ந்து தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்து ஒட்டினால் போதும். கடைக்காரர் மறைத்தாலும் துணியே சொல்லிவிடும். ஆடிக்கிருத்திகைக்கு மலையேற வரும் லட்சக்கணக்கானோரில் பலர் ஒரு வேட்டியோ துண்டோ வாங்காமல் திரும்புவதில்லை. அந்த விற்பனையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.