நூலகத் திரையில் பழைய ஏற்பாடு

எம் கல்லூரி நூலகம் மாணாக்கருக்கெனப் புதிதாகத் தொகுத்துள்ள கல்விக் காணொளிகளுள், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு பேராசிரியை கிறிஸ்டீன் ஹேய்ஸ் அம்மையார் நிகழ்த்திய பழைய ஏற்பாட்டு அறிமுக விரிவுரைகள் 24உம் அடங்கும். இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணத்தக்கவை இவை; விரிவுரைகளின் எழுத்து வடிவமும் உடன் கிடைக்கிறது. அனைத்தையும் கண்டு முடித்தபின் இம்மதிப்புரையை எழுதுகிறேன்.

அம்மையார் யூதத் திருமறை மரபில் துறைபோகியவர். எபிரேயத் திருமறையின் முப்பெரும் பிரிவுகளை முதல் விரிவுரையிலேயே விளக்கிவிடுகிறார். மல்கியாவோடு முடியும் பழைய ஏற்பாட்டையே ஓதிப் பழகிய நம் மாணாக்கர், யூதரின் அச்சுப் பதிப்புகள் நாளாகமத்தோடு, அதாவது எருசலேமுக்குத் திரும்புமாறு கோரேஸ் மன்னன் விடுத்த அழைப்போடு, முடிகின்றன என்பதை அறியும்பொழுது வியப்படைகின்றனர். நூல்களின் வரிசையும் ஒருவகைப் பொருள்விளக்கமே என்பது அவர்களுக்கு அப்பொழுது புலனாகிறது.

நான்காம் விரிவுரை வெள்ளப்பெருக்கு வரலாற்றைப் பற்றியது. பேழைக்குள் ஒவ்வோர் உயிர்வகையிலும் ஒரு ஜோடு சேர்க்கப்பட வேண்டும் என்கிறது ஆதியாகமம் 6ஆம் அதிகாரம். சுத்தமானவற்றில் எவ்வேழு ஜோடு என்கிறது 7ஆம் அதிகாரம். இருவேறு மூலங்கள் ஒன்றாகப் பின்னப்பட்டமையை இத்தகைய சான்றுகளால் அவர் படிப்படியாக நிறுவுகிறார். பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் வரைந்து காட்ட முயன்றதை அவர் என்னினும் தெளிவாகக் கூறுகிறார் என ஒப்புக்கொள்வதில் எனக்கு நாணமில்லை.

ஆயினும், இரண்டாம் விரிவுரையை நம் மாணாக்கர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. யூத அறிஞர் யெகெஸ்கேல் காஃப்மனின் கருத்தை அதில் அம்மையார் விரித்துரைக்கிறார். பிற சமயங்களின் தெய்வங்கள் யாவும் தமக்கு முந்திய ஓர் ஆதிப்பொருளினின்று தோன்றி அதற்குக் கட்டுப்பட்டவை. இஸ்ரவேலின் கடவுளோ தோற்றமற்றவர், எதற்கும் கட்டுப்படாதவர் என்பதே அக்கருத்து. பாபிலோனிய எனூமா எலிஷ் காவியத்தைப் பொறுத்தவரை இது நன்கு பொருந்தும். காஃப்மன் வேறுபாட்டை மிகைப்படுத்துகிறார் என்று அம்மையாரே எச்சரிக்கவும் செய்கிறார். ஆனால் அவர் மனத்தில் இருப்பவை பண்டைய மேற்காசியச் சமயங்கள். அவற்றை இன்று கைக்கொள்வோர் இல்லை. நம் மாணாக்கனுக்கோ அடுத்த வீட்டாரே பிற சமயத்தார். காஃப்மனின் அளவுகோலை அவன் அவர்கள்மீது வைத்துப் பார்ப்பான். சைவ சித்தாந்தத்தில் பதி பிறப்பிலி; எந்த ஆதிப்பொருளினின்றும் தோன்றியவரல்லர். எனினும் பசுவும் பாசமும் பதியோடு ஒப்ப அநாதி என்று அச்சித்தாந்தம் கூறுவதால், ஆதியாகமத்தின் படைப்புக் கொள்கையோடும் அது இணங்காது. ஆகவே காஃப்மனின் இருவகைப் பாகுபாட்டில் நம் அயலாரின் சமயத்திற்கு இடமே இல்லை. இதனை எடுத்துரைக்க வேண்டிய கடமை நம்முடையது. யேல் வகுப்பறையினின்று அதை எதிர்பார்ப்பது முறையன்று.

பிறிதொரு குறையும் உண்டு. அது காணொளியின் குறையன்று, நம்முடையது. அங்கே விரிவுரை முடிந்தபின் மாணாக்கர் சிறு குழுக்களாகக் கூடி உரையாடினர். இங்கோ நூலக மூலையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஒருவன் தனியே அமர்ந்திருக்கிறான். நான்காம் விரிவுரையைக் கண்ட இரண்டாமாண்டு மாணாக்கன் ஒருவன் ஒரு சனிக்கிழமை மாலை என்னிடம் வந்தான். மறுநாள் ஒரு கிராமச் சபையில் நோவாவைக் குறித்து அவன் அருளுரையாற்ற வேண்டியிருந்தது. “ஐயா, இனி இப்பகுதியை நான் எவ்வாறு வாசிப்பேன்?” என்று கேட்டான். அவ்வினாவிற்கு விரிவுரையில் விடை தேடுதல் வீண். திருமறையைக் கல்வி நோக்கில் ஆராய்வதே அம்மையார் மேற்கொண்ட பணி. பிரசங்க பீடம் அவர் பொறுப்பன்று. இரவு பத்து மணி வரை இருவரும் இரு மூலங்களையும் தனித்தனியே வாசித்து, மனம் நொந்த கடவுளை ஒன்றிலும், உடன்படிக்கை செய்யும் கடவுளை மற்றொன்றிலும் கண்டோம். மறுநாள் அவன் இரண்டையும் பிரசங்கித்தான். சபையார் முறையிட்டதாக அறியேன்.

ஆகையால், இக்காணொளிகளைத் தனியறையில் அன்று, வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில், இடையிடையே நிறுத்திக் காண ஏற்பாடு செய்யுமாறு நூலகத்தாரைக் கேட்டிருக்கிறேன். வணிக நோக்கின்றி மொழிபெயர்க்கவும் இவ்விரிவுரைகளுட் பெரும்பாலானவற்றிற்கு உரிமம் இடங்கொடுக்கிறது. இரண்டாம் விரிவுரையைத் தமிழாக்கி, சித்தாந்தம் பற்றிய குறிப்புடன் மாணாக்கர் கையில் தர எண்ணியுள்ளோம். எபிரேயமும் சைவ சித்தாந்தமும் ஒருங்கே அறிந்த போதகர் எவரேனும் இதில் துணைபுரிய முன்வந்தால் மகிழ்வோம்.