மறுநாள் திரும்பும் வேல்

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பாத்திரங்களின் சக்திகளுக்கு நாளொன்றுக்கு இத்தனை முறை என்று வரம்பு கட்டியிருப்பதே அந்த ஆட்டத்தின் உயிர்நாடி என்றும், அதைத் தளர்த்துகிற எந்தப் புதிய பதிப்பும் ஆட்டக்காரரின் விவேகத்தை மழுங்கடிக்கிறது என்றும் பழைய பதிப்புகளில் பற்றுள்ள நண்பர்கள் மிகுந்த நம்பிக்கையோடு வாதிக்கிறார்கள். அவர்களோடு ஒரே மேஜையில் பல வருஷங்கள் பகடை உருட்டியவன் என்ற உரிமையில் இதை நான் மறுக்க விரும்புகிறேன்.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அளவில்லாத சக்தியில் சுவாரஸ்யம் இல்லை. மேலும், மந்திரவாதியைப் பொறுத்தவரை இந்த வரம்புக்கு ஒரு பூர்வீகமும் உண்டு: ஜாக் வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ என்ற 1950ஆம் வருஷத்து நூலில் மந்திரவாதி சில மந்திரங்களை மட்டுமே மனத்தில் இருத்த முடியும், உச்சரித்த கணமே அவை நினைவிலிருந்து அழிந்துவிடும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் தங்கள் ஆட்டத்தை வெளியிட்டபோது அந்தக் கருத்தை அதில் சேர்த்துக்கொண்டார்கள். மறந்ததை மறுபடி படிக்க வேண்டும், படிக்கத் தெளிந்த மனம் வேண்டும், மனம் தெளியத் தூக்கம் வேண்டும் என்ற அந்தக் காரியகாரணத் தொடர்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் சக்தியின் அருமைக்காக வாதாடுகிறவர்கள் ‘நாளொன்றுக்கு’ என்ற சொல்லை நின்று யோசிப்பதே இல்லை; என் ஆட்சேபம் அந்தச் சொல்லின்மேல்தான். கர்ணன் கவச குண்டலங்களைக் கொடுத்து இந்திரனிடம் பெற்ற சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த அதைப் பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன்மேல் விட நேர்ந்தபோது, பாண்டவர் எல்லோரும் துக்கத்தில் ஆழ்ந்திருக்கக் கண்ணன் ஒருவன் மகிழ்ந்தான். விடிந்ததும் அந்த வேல் கர்ணன் கைக்குத் திரும்பிவிடும் என்று ஒரு விதி இருந்திருந்தால் கண்ணனுக்கு மகிழக் காரணமே இராது. கர்ணனும் அதைப் பொத்தி வைத்திருக்க மாட்டான். ஆக, அந்த இரவுக்கு உயிர் கொடுப்பது போனது வராது என்ற நிச்சயமே. நாள் வரம்போ இந்த நிச்சயத்தைத்தான் எடுத்துவிடுகிறது.

2014ஆம் வருஷத்து ஐந்தாம் பதிப்பில் பார்பேரியன் என்ற வீரனுக்கு முதல் நிலையில் ஆவேசம் இரண்டு முறை. எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் மறுபடியும் இரண்டு. ஒரு மாலை எங்கள் மேஜையில் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருந்த நண்பர், தம் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்த இரண்டு கட்டங்களையும் அதற்குள் அடித்துவிட்டார். அப்போதுதான் ஆகர் என்ற ஓர் அரக்கன், கதையில் அவருடைய தம்பியாக வந்த சிறுவனைக் காலைப் பிடித்துக் குகைக்குள் இழுத்துப் போனான். நண்பர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. அடித்த கட்டங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, “இன்றைக்கு இரண்டும் ஆகிவிட்டது” என்று மெதுவாக உட்கார்ந்தார். ஆட்டத்துக்கு வெளியே நிஜமான கோபம் இருந்தது. கோபமே ஸ்வபாவமாகப் படைக்கப்பட்ட அந்த வீரனுக்குள் அது இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் அவனால் தன் உலகத்துச் சொற்களில் பதில் சொல்ல முடியாது. 2008ஆம் வருஷத்து நான்காம் பதிப்பு இதே குறையைப் போர்வீரனின் வாள்வீச்சுக்கும் பரப்பியது. காலையில் வீசிய ஒரு வீச்சை மாலையில் அதே கை ஏன் வீசக் கூடாது என்பதற்குப் புத்தகத்தில் விதி உண்டு, உடம்பில் காரணம் இல்லை.

காரணம் இல்லாத விதியை ஆட்டக்காரர் காரணமில்லாமலே சமாளிப்பார். காலை ஒன்பது மணிக்கு ஒரு சண்டை, சக்திகள் தீர்ந்தன, இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரே ஒரு நீண்ட ஓய்வுக்குத்தான் பலன் என்பதால், உலகத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இரவு வரும்வரை காத்திருக்கிறார்கள். இதைத் தடுக்க, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நாளுக்கொரு நெருக்கடியைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. நாளொன்றில் ஆறு முதல் எட்டு இடர்கள்வரை தாங்கலாம் என்று ஐந்தாம் பதிப்பின் நூலே கணக்குக் காட்டியது. எங்கள் மேஜையில் ஒரு மாலைக்கு இரண்டு சண்டைக்கு மேல் முடிந்ததில்லை. விவேகத்தைக் கற்பிக்கிறது என்று போற்றப்படுகிற இந்த விதி, நான் பார்த்தவரையில், தூங்குவதற்குச் சமயம் பார்ப்பதைத்தான் கற்பித்திருக்கிறது.

மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் முறையே தலைமை ஏற்றிருந்த ஜோனதன் ட்வீட்டும் ராப் ஹைன்சூவும் சேர்ந்து 2013இல் கொண்டுவந்த ‘தர்டீன்த் ஏஜ்’ ஆட்டத்தில், ஏறக்குறைய நான்கு சண்டைகளுக்குப் பிறகே சக்திகள் முழுமையாகத் திரும்பும். நோயை உணர்ந்தார்கள், ஆனால் தூக்கம் என்ற நலிந்த காரணத்தையும் அறுத்துவிட்டு வெறும் எண்ணிக்கையை நிறுத்தினார்கள். ஐந்தாம் பதிப்பின் 2024ஆம் வருஷத்துத் திருத்தம் சிறு ஓய்வில் ஓர் ஆவேசத்தைத் திருப்பித் தருகிறது. அதனாலும் கட்டங்கள் அழியவில்லை.

வழி நெடுநாளைக்கு முன்பே காட்டப்பட்டிருக்கிறது. 1975இல் கென் செயின்ட் ஆண்ட்ரே எழுதிய ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ ஆட்டத்தில் மந்திரம் பிரயோகிப்பவனின் உடல் வலிமையே அதற்கு விலையாகக் குறையும். தளர்ந்தவன் ஏன் தளர்ந்தான் என்பது அவனுக்கே தெரியும். பார்பேரியனும் மூன்றாம் முறை ஆவேசம் கொள்ளட்டும். அதற்காக அவன் ரத்தமோ, எலும்போ, நாலு நாள் நடக்க முடியாத பலவீனமோ கேட்கப்படட்டும். எங்கள் நண்பர் அன்று அந்த விலையைக் கொடுக்கத்தான் எழுந்து நின்றார்; விதியில் அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்கவில்லை.